மெதுவாக, ஆனால் சரியாக

தெற்கு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 34. டல்ஹௌசி சதுக்கத்தில் உள்ள அரசு வங்கி ஒன்றில் வேலை. காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் இறங்கி, நடந்தே அலுவலகம் போகிறார். கை கால்களில் குறையில்லை. ஆனால் கவுன்டரில் ஒருவர் வங்க மொழியிலும் பக்கத்தில் இன்னொருவர் இந்தியிலும் ஒரே சமயத்தில் பேசினால் திணறிப் போகிறார். பத்து நிமிடத்தில் முடித்த கணக்குக்கு இப்போது அரை மணி நேரம் ஆகிறது. நன்கு தெரிந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது.

அலட்சியம் என்கிறார் மேலாளர். வேண்டுமென்றே மறக்கிறாள் என்கிறார் மாமியார். புத்தி பேதலிக்கிறதோ என்று அந்தப் பெண்ணே பயப்படுகிறார். மூவர் கணிப்பும் தவறு.

மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்ற நரம்பு நோய் வந்த பலரின் நிலை இதுதான். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்புகள்மீதே பாய்கிறது. மின்கம்பிக்கு ரப்பர் உறை போல நரம்பிழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. அது அங்கங்கே அரிக்கப்படும்போது செய்தி தாமதமாகிறது அல்லது நின்றே போகிறது. கண்ணுக்குப் போகும் நரம்பென்றால் பார்வை மங்கும். காலுக்கு என்றால் நடை தள்ளாடும். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் என்றால் யோசனை தாமதமாகும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. 1868-ல் இந்நோயை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, ஞாபகம் மங்குவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அப்போதே குறித்து வைத்தார். பிறகு சுமார் நூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் கால்களையே கவனித்தது. 1991-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் ராவும் குழுவினரும் 100 நோயாளிகளையும் ஆரோக்கியமான 100 பேரையும் ஒப்பிட்ட பிறகுதான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நோயாளிகளில் 43 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறனில் பாதிப்பு இருந்தது. உடல் ஊனம் ஒரே அளவில் இருந்தபோதும், சிந்தனை பாதிக்கப்பட்டவர்களே அதிகமாக வேலையை இழந்திருந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பாதிப்பு 40 முதல் 65 சதவீதம் வரை காணப்படுகிறது.

இது முதியோருக்கு வரும் மறதி நோய் போன்றது அல்ல. பேச்சும் பொது அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் அடிபடுவது வேகம். இதை அளக்க எளிய சோதனை உண்டு. ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தாளில் கலைந்து கிடக்கும் குறிகளைப் பார்த்து 90 விநாடிகளில் எத்தனைக்குச் சரியான எண் சொல்ல முடிகிறது என்பதே கணக்கு. இந்த நோயாளிகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் போதுமான நேரம் கொடுத்தால், மற்றவர்கள் அளவுக்கே சரியாகச் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறதி என்று தோன்றுவதும் பல சமயம் மறதி அல்ல. செய்தி வேகமாக வந்ததால் மனதில் பதியவே இல்லை. பதியாததை எப்படி நினைவுகூர்வது?

கொல்கத்தாவின் மே மாதம் வேறு இருக்கிறது. உடல் சூடு சற்று ஏறினாலும் உறையிழந்த நரம்பில் செய்தி மேலும் தடைப்படும். புழுக்கமான மதிய வேளையில் மந்தமாகத் தெரிபவர், குளிர்ந்த காலையில் தெளிவாகப் பேசுவார். 'நடிக்கிறாள்' என்ற பழிச்சொல் பிறப்பது இங்கேதான். களைப்பும் மனச்சோர்வும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

யோசனையின் வேகத்தை உறுதியாகத் திருப்பித் தரும் மாத்திரை எதுவும் இன்னும் இல்லை. புதிய சேதத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்குவது நல்லது. பயிற்சியும் ஓரளவு உதவுகிறது. 2013-ல் அமெரிக்காவில் 86 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிலருக்குப் பத்து அமர்வுகளில் ஒரு யுக்தி கற்றுத் தரப்பட்டது: நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒரு கதையாகக் கோத்து மனக்கண்ணில் படமாகப் பார்ப்பது. அவர்களின் கற்கும் திறன் கூடியது. நம் வீட்டுப் பாணியில் சொன்னால், குடை, கத்தரிக்காய், தீப்பெட்டி வாங்க வேண்டுமா? குடை பிடித்த கத்தரிக்காய் தீக்குச்சி கிழிப்பதாக நினைத்துக்கொள்வது. மற்றவை எளிய வழிகள்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, கடினமானதைக் காலையிலேயே முடிப்பது, யாராவது பேசும்போது டி.வி.யை நிறுத்துவது, எதையும் உடனே எழுதிவைப்பது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கி, மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸையும் சேர்த்தது. பணியில் இருக்கும்போது இப்படிப் பாதிக்கப்படும் ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. வேறு பொருத்தமான பணி தர வேண்டும். மும்பையில் 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் சங்கத்துக்குக் கொல்கத்தாவிலும் கிளை உண்டு.

சிக்கல் அளவுகோலில்தான். நரம்பியல் நிபுணர்கள் இந்நோய்க்கு உலகெங்கும் பயன்படுத்தும் ஊன அளவுகோல் நடுக்கட்டத்தைத் தாண்டினால் பெரிதும் நடையையே கணக்கிடுகிறது. எத்தனை மீட்டர் நடக்கிறார், கைத்தடி வேண்டுமா என்று பார்க்கிறது. மெட்ரோ படிகளை ஏறிவிடும் அந்த வங்கி ஊழியர் அதன்படி கிட்டத்தட்ட ஆரோக்கியசாலி. அவரிடம் அந்த 90 விநாடிச் சோதனையைச் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளும் கடிகாரமும், செய்யத் தெரிந்த ஒருவரும் போதும். நோய் தெரிந்த உடனேயே ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. முடிவு கையில் இருந்தால் மேலாளரிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

மாமியாருக்குக் காகிதம் வேண்டாம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் போதும். பதில் வரும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.