ஸ்க்ரூ நல்ல கம்பெனியா டாக்டர்?

1/ வார்டுல அட்மிட் ஆன ஒரு அண்ணன், லாரி டிரைவர். மறுநாள் முதுகெலும்பு ஃப்யூஷன் ஆபரேஷன். "ஸ்க்ரூ நல்ல கம்பெனியா டாக்டர்?"னு கேட்டார். சட்டைப் பையில பீடிக்கட்டு.

2/ ஸ்க்ரூவும் கம்பியும் முட்டுதாங்க. கான்கிரீட் இறுகுற வரைக்கும் சவுக்குக் கம்பு தாங்குமே, அது மாதிரி. எலும்பு வளர்ந்து ஒட்டணும். அதுக்கு 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் ஆகலாம். ஒட்டலைன்னா ஸ்க்ரூ லூசாகலாம், வலி திரும்பலாம். சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன்.

3/ நிகோடின் எலும்பு ஒட்டுறதைக் கெடுக்கும். பீடி, சிகரெட், வாயில அடக்குற புகையிலை எல்லாம் இதுல சேர்த்தி. குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே நிறுத்தணும். எலும்பு ஒட்டுற வரைக்கும் திரும்பத் தொடக் கூடாது.

4/ அவசர கேஸ் இல்லைங்கிறதால சர்ஜன் தேதியைத் தள்ளி வெச்சார். அண்ணனுக்குக் கோபம். "தேதி குடுத்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே சார்?" நியாயமான கேள்வி.

5/ ஓபி சீட்டுல ஆபரேஷன் தேதி எழுதும்போதே, "இன்று முதல் புகையிலை நிறுத்தவும்"னு நாங்க எழுதணும். அட்மிஷன் அன்னைக்குத் திட்டுறதுல பிரயோஜனம் இல்ல.

6/ தேதிக்குக் காத்திருக்கீங்களா? இன்னைக்கே நிறுத்துங்க. முடியலைன்னா கூச்சப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க. இலவச உதவி எண் 1800-11-2356.