கருவி கெடவில்லை, கணக்குதான் வேறு



உங்கள் வீட்டில் எலக்ட்ரானிக் வேலை படிக்கும் பிள்ளை இருக்கலாம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மேடை ஏறும் இசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் மகனோ மருமகனோ இருக்கலாம். அப்படியானால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர்கள் கையிலும் கொடுங்கள். யாரோ மலிவாகக் கொடுத்தார் என்று ஒரு பழைய சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு வருவான். கம்ப்யூட்டரோடு ஏதோ ஒரு பெட்டியை வைத்து இணைப்பான். கீழே நாலு கட்டை ஒழுங்காகப் பாடும், மேலே போகப் போகச் சுருதி எங்கேயோ போய்விடும். "சனியனே, கெட்டுப்போன சாமானை வாங்கி வந்துவிட்டாயே" என்று அப்பா ஏச, அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிறகு பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுக் கொடுக்கப்படும். ஏசுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். அந்தப் பெட்டி நல்ல பெட்டியாகவே இருக்கக்கூடும்.

முதலில் பழைய சிந்தசைசரின் பாஷையைப் பார்ப்போம். 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் உருவாக்கிய சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே போவது மின்சார அழுத்தம், அதாவது வோல்ட். அழுத்தம் ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரு வோல்ட் கூடினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானங்கள் அல்லவா? ஆகவே ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 83.3 மில்லிவோல்ட். இது சுருதிக்கு. விரல் கட்டையின் மேல் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று சொல்ல இன்னொரு கம்பி உண்டு. அதற்குக் 'கேட்' என்று பெயர்.

பிறகு வந்தது மிடி. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி ஆகிய இருவரும் இதற்கு முன்னின்றவர்கள். வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும் என்று முயன்று, 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த கண்காட்சியில் ஸ்மித்தின் புரோபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கருவியையும் ஒரே கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். இருவருக்கும் 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்று இருவருமே இல்லை. ககேஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் காலமானார்கள்.

மிடி வோல்ட்டில் பேசுவதில்லை, எண்ணில் பேசுகிறது. பியானோவின் நடு 'ஸி' கட்டையை அழுத்தினால் 144, 60, 100 என்பது போல மூன்று எண்கள் ஓடும். 144 என்றால் "முதல் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது". 60 எந்தக் கட்டை என்பது. 100 எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பது. பழைய கருவிக்கு இந்த எண்கள் காதிலேயே விழா. இங்கேதான் நடுவில் ஒரு பெட்டி வருகிறது. எண்ணை வாங்கி வோல்ட்டாகக் கொடுக்கும் பெட்டி. துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணி பெரட்டுக் களத்தில் தமிழில் சொன்ன காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே வேலைதான் இதற்கும். ரோலண்ட் 1980-களிலேயே இத்தகைய பெட்டி ஒன்றைச் செய்தது. இங்கிலாந்தின் கெந்தன், ஜெர்மனியின் டோப்பர் ஆகிய கம்பெனிகளின் பெட்டிகளும் பெயர் பெற்றவை.

இனி கட்டில் அடியில் கிடக்கும் பெட்டிக்கு வருவோம்.

எல்லாப் பழைய கருவிகளும் மூக் சொன்ன முறையைப் பின்பற்றவில்லை. ரோலண்ட் பின்பற்றியது. ஆனால் 1978-இல் வந்த கோர்க் எம்.எஸ்.-20 போன்றவையும் யமஹாவின் அக்காலத்து சி.எஸ். வரிசைக் கருவிகளும் வேறு கணக்கு வைத்துக்கொண்டன. மூக் முறை கூட்டல் கணக்கு. 1, 2, 3, 4 வோல்ட் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஒவ்வொரு ஸ்தாயியாக ஏறும். கோர்க், யமஹா முறை பெருக்கல் கணக்கு. 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கினால்தான் ஒவ்வொரு ஸ்தாயியாக ஏறும். இம்முறையை 'ஹெர்ட்ஸுக்கு வோல்ட்' என்பார்கள்.

கூட்டல் கணக்குப் பெட்டியைப் பெருக்கல் கணக்குக் கருவியில் செருகினால் என்ன நடக்கும்? பிள்ளைகளே, பலகையில் போட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வோல்ட்டுக்குப் போனால் இரட்டிப்பு, ஆகவே ஸ்தாயி சரியாகவே ஏறும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் ஒன்றரை மடங்குதான். 'ச'விலிருந்து 'ப' வரை மட்டும் போய் நின்றுவிடும். மூன்றிலிருந்து நாலுக்குப் போனால் 'ச'விலிருந்து 'ம' வரைதான். மேலே போகப் போகக் கட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்பா ஏசியது இதைக் கேட்டுத்தான். கருவியில் ஒரு குறையும் இல்லை. பெட்டியில் ஒரு அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. அந்த அமைப்பே இல்லாத மலிவுப் பெட்டிகளும் உண்டு. ஆகவே வாங்கும் முன், "இரண்டு கணக்கும் தெரிந்த பெட்டியா?" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேட் கம்பியிலும் இப்படி ஒரு வேற்றுமை இருக்கிறது. ரோலண்ட் போன்றவற்றில் கட்டையை அழுத்தினால் வோல்ட் மேலே எழ வேண்டும். மூக்கின் பழைய கருவிகளிலும் கோர்க் எம்.எஸ்.-20-லும் அழுத்தினால் கம்பி தரையோடு சேர வேண்டும். இதை 'எஸ்-டிரிகர்' என்பார்கள். மாற்றி வைத்தால் பெரும்பாலும் விரலை எடுத்தால் ஒலிக்கும், அழுத்தினால் அடங்கும்! அதற்கும் கருவியைத் திட்ட வேண்டாம்.

கடையில் வாங்காமல் தானே செய்து பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இத்தாலியில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ என்ற சிறு கம்ப்யூட்டர் பலகையை வைத்து இதைச் செய்யலாம். மிடி நொடிக்கு 31,250 துணுக்குகள் வேகத்தில் வரும், அதை வாங்கச் சொன்னால் வாங்கும். ஆனால் நேரே கம்பியை ஒட்ட வைக்காதீர்கள். உள்ளே ஒரு சிறு விளக்கும் எதிரே ஒரு ஒளி உணரியும் உள்ள சில்லு நடுவில் இருக்க வேண்டும். சேதி ஒளியாகத் தாண்டிப் போகும், மின்சாரம் தாண்டாது. ஒரு கருவியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாமல் இருப்பது இதனால்தான்.

எண்ணை வோல்ட்டாக்க இன்னொரு சில்லு. ஒரு வகைச் சில்லில் 4096 படிகள், படிக்கு ஒரு மில்லிவோல்ட். 36-ஆம் கட்டையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், 84-ஆம் கட்டைக்கு 4 வோல்ட் வர வேண்டும். இங்கே அவசரக்காரப் பிள்ளை, "சுரத்துக்கு 83.3, போகட்டும், 83 என்று வைத்துப் பெருக்கிவிடுகிறேன்" என்பான். 48-ஐ 83-ஆல் பெருக்கினால் 3984. பதினாறு மில்லிவோல்ட் குறைகிறது. அது ஒரு சுரஸ்தானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தனியாக வாசித்தால் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கருவி சேர்ந்தால் பல் கூசும். ஆகவே முதலில் 1000-ஆல் பெருக்கு, பிறகு 12-ஆல் வகு. மிச்சத்தை நடுவிலேயே தூக்கி எறியக் கூடாது. தோட்டப் பள்ளியில் பின்னக் கணக்குக்கு இருபது வருடமாக நான் கத்துவதும் இதைத்தான்.

அதோடு விடவில்லை. ஆர்டுயினோவின் ஊனோ பலகையில் சாதாரண முழு எண் 32,767 வரைதான் தாங்கும். 68-ஆம் கட்டை வரை எல்லாம் சரியாக இருக்கும். 69-ஆம் கட்டையில் 33-ஐ 1000-ஆல் பெருக்கியதும் 33,000 ஆகிவிடுகிறது. எண் புரண்டு கழித்தல் எண்ணாகி, சுருதி தாறுமாறாகும். 'லாங்' என்ற பெரிய எண் வகையைப் போட்டால் போதும். 69-ஆம் கட்டை, 440 ஹெர்ட்ஸில் எல்லாரும் சுருதி சேர்க்கும் அந்த 'ஏ' என்பதுதான் வேடிக்கை!

நிரல் எழுதுகிறவர்கள் இன்னும் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். விரலை எடுத்ததைச் சொல்ல மிடியில் தனிச் சேதி உண்டு. ஆனால் பல கீபோர்டுகள் அதை அனுப்பாமல், அழுத்திய சேதியையே வேகம் பூஜ்யம் என்று அனுப்பும். இதை அறியாத பெட்டியில் சுரம் நிற்காமல் ஊளையிடும். ஒரே வகைச் சேதி தொடர்ந்து வந்தால் முதல் எண்ணைத் திரும்பச் சொல்லாமல் விட்டுவிடுவதும் மிடியின் வழக்கம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். முதலில் சுருதி வோல்ட்டை மாற்றிவிட்டுப் பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் பழைய சுரம் ஒட்டிக்கொண்டு வரும். 'ச'வைப் பிடித்தபடி 'ப'வைத் தொட்டு எடுத்தால் மறுபடி 'ச' ஒலிக்க வேண்டும். ஆகவே எந்தெந்தக் கட்டை இன்னும் விரலடியில் இருக்கிறது என்று பெட்டி நினைவு வைக்க வேண்டும். கடைசி விரலும் எழுந்த பிறகே கேட்டை மூட வேண்டும்.

நம் இசைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். மிடி எண்ணுக்கு நடு கிடையாது. 60, அடுத்து 61. நாதஸ்வரத்தில் 'ரி'யை அசைத்துப் பிடிப்பதையும் உருமியைத் தேய்த்து இழுப்பதையும் வெறும் கட்டை எண்ணில் சொல்ல முடியாது. வோல்ட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய கருவி நம் காதுக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். மிடி பிறப்பதற்கு முன்பே, 1982-இல், பம்பாய் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். மிடியில் வளைவுக்கென்று ஒரு தனிச் சேதி இருக்கிறது, 16,384 நிலைகள் அதில் உண்டு. கீபோர்டில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் ஓடும். அந்தச் சக்கரம் முழுக்கத் திரும்பினால் எத்தனை சுரஸ்தானம் என்பதைப் பெட்டியிலும் நீங்கள் வைக்க வேண்டும். வழக்கமாக இரண்டு. கம்ப்யூட்டரில் ஒரு அளவும் பெட்டியில் வேறு அளவும் இருந்தால் கமகம் அபசுரமாகிவிடும்.

இனி சுருதி சேர்ப்பது. பழைய கருவியைப் போட்டவுடன் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூடாகச் சூடாகச் சுருதி நகரும். அரை மணி நேரம் ஓடட்டும். அதற்குள் கூட்டல் கணக்குப் பெட்டியை மட்டும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்தாயி தள்ளி இரண்டு கட்டைகளை அழுத்தினால் மீட்டர் காட்டும் இரண்டு அளவுகளுக்கும் வித்தியாசம் 1.000 வோல்ட் இருக்க வேண்டும். நாலு ஸ்தாயி தள்ளினால் 4.000. அது சரியாக இருந்தால் பிறகு கருவி. கீழ்க் கட்டையை அழுத்தி, சுருதிக் குமிழால் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஸ்தாயி மேலே உள்ள அதே சுரத்தை அழுத்தி, பெட்டியின் 'ஸ்கேல்' அமைப்பால் சரி செய்யுங்கள். மேலே சரியானதும் கீழே சற்று நகர்ந்திருக்கும். மறுபடி கீழே, மறுபடி மேலே. நாலைந்து சுற்றில் இரண்டும் ஓரிடத்தில் நின்றுவிடும்.