3,000 முறை மேற்கோள் காட்டப்பட்டால் ஒரு ஆய்வு சரியாகிவிடுமா?

2020 மார்ச் 20. உலகமே வீட்டுக்குள் முடங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. மலேரியா மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனா வைரஸை உடலிலிருந்து வேகமாக விரட்டுகிறது என்றது அது. மறுநாளே டிரம்ப் ட்வீட் போட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் இந்த மாத்திரையை முன்தடுப்பாக எடுக்கலாம் என்று நம்ம ஐசிஎம்ஆர் பரிந்துரைத்தது. (அந்தப் பரிந்துரை இந்த ஒரு கட்டுரையை மட்டும் நம்பி வந்ததல்ல, ஆனால் அந்த வாரத்துக் காற்று அப்படி.) மூட்டுவாதம், லூபஸ் நோய்க்காக அதையே தினமும் சாப்பிடுகிறவர்கள், பல நாடுகளில் மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள்.

அந்த ஆய்வை வழிநடத்தியவர் திதியே ரவுல். சாதாரண ஆள் இல்லை. 2003-ல் மிமிவைரஸ் என்ற ராட்சத வைரஸை உலகுக்கு அறிமுகப்படுத்திய குழுவில் முக்கியமானவர். அவர் பெயரில் 2,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள். "இவ்வளவு எழுதினவருக்குத் தெரியாதா?" என்பதுதான் அன்றைக்கு அவர் ஆதரவாளர்கள் பலரின் வாதம். பிரெஞ்சு அதிபர் மக்ரோனே ஏப்ரலில் மார்செய்க்குப் போய் அவரைச் சந்தித்தார்.

சரி, அந்தக் கட்டுரைக்குள் என்ன இருந்தது? மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் 26 பேர். கடைசிக் கணக்கில் வந்தவர்கள் 20 பேர்தான். மீதி 6 பேர்? மூன்று பேர் ஐசியூவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்தினார். ஒருவர் மருத்துவமனையை விட்டே கிளம்பிவிட்டார். பரீட்சையில் ஃபெயில் ஆனவர்களை விட்டுவிட்டு பாஸ் பர்சன்டேஜ் போடுவது மாதிரி. மாத்திரை சாப்பிடாத 16 பேருடன் ஒப்பிட்டு, ஆறாவது நாளில் 70 சதவீதம் பேருக்கு வைரஸ் இல்லை என்று முடிவு எழுதப்பட்டது. இதழுக்கு அனுப்பிய மறுநாளே கட்டுரை ஏற்கப்பட்டது. அந்த இதழின் தலைமை ஆசிரியரும் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர்.

அதே வருஷம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. மாத்திரை பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம்; வழக்கமான சிகிச்சை பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். பலன் இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அந்தக் கட்டுரைக்கான சைட்டேஷன் ஏறிக்கொண்டே போனது, 3,000-ஐயும் தாண்டியது. எப்படி? சைட்டேஷன் என்பது லைக் இல்லை, வியூ மாதிரி. ட்ரோல் பண்ணப் பார்த்தவரின் வியூவும் கணக்கில் சேரும். "இந்த ஆய்வு தப்பு" என்று எழுதும் விஞ்ஞானியும் அதைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அதுவும் ஒரு சைட்டேஷன்தான். ஒரு ஆய்வாளரின் தரத்தைச் சொல்வதாக எல்லோரும் நம்பும் ஹெச்-இன்டெக்ஸும் இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது. 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் ஹெச்-இன்டெக்ஸ் 50. பாராட்டா, திட்டா என்று அது பார்ப்பதில்லை.

எண்ணிக்கைக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. பிரான்ஸில் சிகாப்ஸ் என்ற முறைப்படி, மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளியிடும் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளைப் பொறுத்து அரசு நிதி வரும். எழுது, இன்னும் எழுது என்றுதானே இது சொல்கிறது? இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு தனிமனிதரை மட்டும் குறை சொல்வது சுலபமான வேலை.

மறுபக்கம் கேட்டலின் காரிகோ. எம்ஆர்என்ஏ ஆராய்ச்சிக்கு நிதி வாங்க முடியாமல் 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். ட்ரூ வைஸ்மேனுடன் சேர்ந்து அவர் எழுதிய 2005 கட்டுரை வெளியானபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் உருவாயின. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு. 2006-ல் யாராவது சைட்டேஷனை மட்டும் வைத்து ஆள் எடுத்திருந்தால், இந்த இருவரில் யாருக்கு வேலை கிடைத்திருக்கும்?

மார்செய் கட்டுரை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கப்பட்டதா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்பது ஒரு காரணம். கட்டுரையை எழுதியவர்களிலேயே மூன்று பேர், ஆய்வு முறையில் சந்தேகம் இருக்கிறது, எங்கள் பெயர் இதில் வேண்டாம் என்றார்கள். ரவுல் உள்ளிட்ட சிலர் இந்த முடிவை ஏற்கவில்லை.

ஏற்க ஒரு நாள் போதுமாக இருந்தது. திரும்பப் பெற நாலே முக்கால் வருஷம் ஆனது. அதற்குள் சேர்ந்த சைட்டேஷன்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை.