மரமற்ற நிலமும் வாழிடமே

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் நோக்கிப் பேருந்தில் செல்லும் புதியவர் ஒருவர், சாலையின் இருபுறமும் மரமின்றி விரிந்து கிடக்கும் கருநிலத்தைக் கண்டு, 'இந்நிலம் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது?' என்று வினவுவார். சித்திரை மாதமாயின் கட்டாயம் வினவுவார். இம்மண்ணில் பிறந்த நாமும் 'வானம் பார்த்த பூமி' என்று கூறித் தலைகவிழ்வதே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு தலைகவிழ வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஓர் உயிரினம் ஓரிடத்தில் வாழ்வதும் பிறிதோரிடத்தில் வாழாமையும் எவற்றால் அமைகின்றன என்னும் வினாவிலிருந்தே சூழலியல் தொடங்குகிறது. 1866இல் செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கேல் இத்துறைக்குப் பெயரிட்டார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, மரம், விலங்கு, பறவை, தொழில் முதலானவற்றைக் கருப்பொருளாக வகுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் உங்களுக்கு இவ்வினா அயலானதன்று. அதற்காகத் திணைப்பகுப்பே இன்றைய அறிவியல் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது செய்யுளுக்குரிய இலக்கணம். கரிசலுக்கு அதில் தனியிடமும் இல்லை.

கரிசலின் இயல்பு அதன் களிமண்ணில் உள்ளது. நீரை உறிஞ்சினால் அம்மண் உப்பும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கைநுழையும் அளவிற்குப் பிளவுகள் தோன்றும்போது இளமரக்கன்றின் வேர்கள் அறுபடுகின்றன. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையானது. மழை நின்ற பின்னரும் அவ்வீரத்தைக் களிமண் நெடுநாள் பற்றிவைத்திருக்கும். அதனை நம்பியே பருத்தியும் உளுந்தும் மல்லியும் பாசனமின்றி விளைகின்றன. மரக்கன்றைக் கொல்லும் மண்ணே பருத்தியை வளர்க்கிறது. 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்ததும், கருங்கண்ணிப் பருத்தி புகழ்பெற்றதும் இதனால்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலும் மழை குறைவே. ஆயினும் அச்செம்மணலில் பனையும் உடைமரமும் செழிக்கின்றன. எனவே, மழையளவை மட்டும் கொண்டு ஒரு நிலத்தை மதிப்பிடுதல் பிழை.

அப்பிழையை நானும் செய்திருக்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன், மாணவர்களை அழைத்துச் சென்று ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்தில் நூறு மரக்கன்றுகள் நட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர், "சார்வாள், இது புல்லுக்குன்னே உள்ள எடம். இதுல எதுக்கு மரத்த வைக்கீக?" என்று கேட்டார். அவர் அறியாமையால் பேசுவதாக எண்ணினேன். பங்குனிக்குள் கன்றுகள் பட்டுப்போயின. கண்மாய்க்கரையில் நட்ட நான்கு வேம்புகள் மட்டுமே பிழைத்தன.

அப்புல்வெளிக்கு ஆடுகள் மட்டும் உரியன அல்ல. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகள், திறந்த வெளியில் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளையும் எலிகளையும் உண்கின்றன. இரவில் மரத்தில் அடையாமல் புல்லிடையே தரையில் கூட்டமாகத் தங்குகின்றன. அவற்றுக்கு மரமின்மையே வாழிடம்.

ஆனால், நம் ஏடுகள் வேறு மொழி பேசுகின்றன. நடுவண் அரசு வெளியிடும் தரிசுநில வரைபட நூல், புதர்நிலங்களையும் தரிசு என்றே வகைப்படுத்துகிறது. 'தரிசு' என்று எழுதிவிட்டால், அங்கு எதைக் கொண்டுவந்து வைத்தாலும் நன்மை என்றாகிவிடுகிறது. விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் அவ்வாறே வந்து, இன்று கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்து நிற்கிறது. அதனைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளமையால், அகற்றுவதும் எளிதன்று. சூரிய மின்தகடுகள் பதிக்க இடம் தேடுவோரின் கண்ணும் இத்தகைய நிலங்கள்மீதே முதலில் விழுகிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. யாருமற்ற இடம் என்று எண்ணி இடம் குறிப்பதையே மறுக்கிறேன்.

கரிசல் மக்கள் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றே அழைப்பர். காலையில் உழவுக்குக் கிளம்புபவர், காட்டுக்குப் போவதாகவே சொல்வார். மரமில்லாத நிலத்திற்குக் காடு என்று பெயரிட்டவர்கள், அதில் வாழ்வன எவை என்று அறிந்திருந்தனர். இவ்வாண்டு உங்கள் பள்ளியிலும் மரநடு விழா நடைபெறலாம். குழி தோண்டுமுன் அவ்விடத்தில் ஆடு மேய்ப்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். வேம்புக்கும் புங்கைக்கும் கண்மாய்க்கரையும் ஊர்மந்தையும் இருக்கின்றன.