நடைபாதை யாருக்குச் சொந்தம்?

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று அழைக்கப்படும் தியாகராய சாலையில், 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் சுமார் ரூ.40 கோடி செலவில், வாகனங்கள் செல்லும் பகுதி சுருக்கப்பட்டு இருபுறமும் நடைபாதை அகலப்படுத்தப்பட்டது. இருக்கைகளும் விளக்குகளும் வந்தன. வாகனங்கள் அடியோடு தடை செய்யப்படவில்லை. ஆயினும், சாலையில் ஓரடி அகலத்தைக்கூட வாகனங்களிடமிருந்து திரும்பப் பெறுவது அரிதாக உள்ள நாட்டில் அது துணிச்சலான முடிவு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆண்டுகள் சில கடந்த நிலையில் வேறொரு கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது. பொதுப் பணத்தில் உருவான அந்த இடத்தின் பயன் யாருக்குச் சேர்கிறது? நடைபாதையைப் பொறியாளர்கள் அமைத்துத் தந்துவிடலாம். அது பொது இடமாகவே நீடிப்பதற்குச் சில பொருளாதார முடிவுகள் தேவை. அவற்றை எடுப்பதில்தான் நமது நகர நிர்வாகங்கள் தயங்குகின்றன.

நடைபாதை அமைப்பதை நகரை அழகுபடுத்தும் பணி என்று கருதுவோர் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இதைத் தடுக்க வேண்டிய கடமையைச் சென்னை மாநகராட்சி முன்பே உணர்ந்திருந்தது. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை 2014-இலேயே அது ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்க வேண்டும், 2018-க்குள் 80 சதவீத சாலைகளில் பாதுகாப்பான நடைபாதை அமைக்க வேண்டும் என்பன அதன் இலக்குகள். பாண்டி பஜார் அந்தக் கொள்கையின் கண்கூடான பலன். அந்தச் சாலையை விட்டு வெளியே வந்தால், அந்த இலக்குகள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதும் கண்கூடு.

வாகனங்களுக்கான இடத்தைக் குறைக்கும் பேச்சு எழுந்தாலே, வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற அச்சம் வணிகர்களிடம் எழுவது இயல்பு. கோபன்ஹேகன் நகரின் ஸ்ட்ரோகெட் கடைவீதியில் 1962-இல் வாகனங்கள் நிறுத்தப்பட்டபோதும் இதே அச்சம் எழுந்தது. இன்றும் அந்நகரின் முதன்மையான கடைவீதிகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. இதற்குச் சான்று தேடி டென்மார்க் வரை செல்ல வேண்டியதில்லை. பாண்டி பஜாரிலிருந்து சற்றே நடந்தால் ரங்கநாதன் தெரு வந்துவிடும். கார் நுழைய வழியில்லாத அந்தக் குறுகிய தெருவில் நடக்கும் வணிகத்தின் அளவு ஊரறிந்தது. மாம்பலம் ரயில் நிலையம் வாசலில் இருப்பதே அதன் பலம். கடைக்குள் நுழைவது மனிதர்களே. அவர்கள் எதில் வந்திறங்குகிறார்கள் என்பது விற்பனைக்கு ஒரு பொருட்டல்ல.

ஆக, நடைபாதை வளாகத்தால் வணிகம் பெருகுகிறது. வணிகம் பெருகினால் கடை வாடகை உயரும். வாடகை உயர்ந்தால் மனையின் மதிப்பு உயரும். இந்த உயர்வுக்காகக் கட்டட உரிமையாளர் ஒரு ரூபாயும் செலவிடவில்லை. வரி செலுத்துவோரின் பணத்தில் விளைந்தது அது. ஜான் ஸ்டூவர்ட் மில் காலத்திலிருந்தே பொருளியல் இதனை 'உழைக்காமல் பெற்ற உயர்வு' என்று கருதி வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியேனும் பொதுவுக்குத் திரும்பாவிட்டால், நடைபாதைத் திட்டம் என்பது கடைவீதியின் சொத்து உரிமையாளர்களுக்கு வழங்கப்பட்ட மானியமாகவே முடியும்.

அடுத்தது வாகன நிறுத்தம். ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ 135 சதுர அடி தேவை. அதே இடத்தைக் கடை நடத்த வாடகைக்குக் கேட்டால் தியாகராய நகரில் என்ன விலை சொல்வார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடலாம். காருக்கு மட்டும் அது அற்பக் கட்டணத்தில் கிடைக்கிறது. பல தெருக்களில் கட்டணமே இல்லை. விலையில்லாத பொருளுக்குத் தட்டுப்பாடு வருவதில் வியப்பில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் இதனைத்தான் விரிவாக விளக்கினார். இலவச நிறுத்தத்தின் செலவை, கார் இல்லாதவர் உட்பட எல்லோருமே சுமக்கிறார்கள் என்பது அவரது முடிவு.

பாண்டி பஜாரையொட்டி, தணிகாசலம் சாலையில் பல்லடுக்கு வாகன நிறுத்துமிடம் உள்ளது. 200-க்கும் மேற்பட்ட கார்களையும் சுமார் 500 இருசக்கர வாகனங்களையும் அதில் நிறுத்தலாம். தெருவோரத்தில் நிறுத்துவது அதைவிட மலிவாகவோ எளிதாகவோ இருக்கும்வரை, மாடியேற யாரும் விரும்ப மாட்டார்கள். தெருவோரக் கட்டணம் எப்போதும் நிறுத்துமிடக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடைபாதையில் ஏற்றி நிறுத்தப்படும் இருசக்கர வாகனத்துக்கு அபராதம் தவறாமல் விதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சாலையோர வியாபாரிகள். பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகள் பல ஆண்டுக்கால நீதிமன்ற வழக்குகளுக்குப் பின்னர், 2013-இல் அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. வழியில் போகிறவரின் கண்ணில் பட்டு விற்பனையாகும் கைக்குட்டையும் கம்மலும் மாடிப்படி ஏறினால் எப்படி விலைபோகும்? தெருவில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று சோதன் சிங் வழக்கில் 1989-இலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகளுக்கே அளிக்கிறது.

வியாபாரிகள் பெருகினால் நடக்க இடமிருக்காது என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கான தீர்வும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்கே, எத்தனை பேர், எந்த நேரத்தில் என்பதை நகர விற்பனைக் குழு வரையறுக்கலாம். இடையூறின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல். பாண்டி பஜார் போன்ற நெரிசல் மிகுந்த கடைவீதிக்கு அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கலாம். அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால், 24 சதுர அடியில் கடை விரிக்கும் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு கார் நிற்கும் இடம் போதும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விதிகள் இருந்தும் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு தில்லியின் சாந்தினி சௌக் எடுத்துக்காட்டு. செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரையிலான 1.3 கி.மீ. சாலை புதுப்பிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. அந்தத் தடையை மீறி வாகனங்கள் நுழைவதும், பராமரிப்பின்றி அந்தச் சாலை சீர்குலைவதும் பின்னர் செய்திகளாயின. திறப்பு விழாவுக்கு இருக்கும் நிதி பராமரிப்புக்கு இல்லாமற்போவது நமது நிர்வாகத்தின் நெடுநாள் நோய்.

தியாகராய நகரில் காலம் இப்போது கனிந்திருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பனகல் பூங்கா அருகே மெட்ரோ சுரங்க ரயில் நிலையம் அமைகிறது. அதன்பின் நடந்து வருவோர் எண்ணிக்கை பெருகும். மனை மதிப்பும் இன்னொரு முறை உயரும். அதற்கு முன்பே விதிகளை வகுத்துவிடுவது நல்லது. வாகன நிறுத்தக் கட்டணமும், அப்பகுதியின் சொத்து வரியில் ஏற்படும் உயர்வில் ஒரு பங்கும் தனிக் கணக்கில் சேர்க்கப்பட்டு, அதே சாலைகளின் பராமரிப்புக்கும் சுற்றியுள்ள தெருக்களின் நடைபாதைகளுக்கும் செலவிடப்பட வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் மாநகராட்சி மக்கள்முன் வைக்க வேண்டும்.

பாண்டி பஜாருக்குக் காரில் வருபவருக்கு நிழலும் நிறுத்துமிடமும் கிடைத்துவிடும். பேருந்திலிருந்து இறங்கி, இரு கைகளிலும் பைகளைச் சுமந்து, குழந்தையையும் அழைத்துக்கொண்டு நடக்கும் பெண்ணுக்கு நடைபாதையைத் தவிர வேறு இடமில்லை. அவர் சாலையில் இறங்காமல் வீடு திரும்ப முடிகிறதா என்பதே இத்திட்டத்தின் வெற்றிக்கு உரைகல்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).