நடுவுல யாரு பார்த்துப்பாங்க?

சகோதரிகளே, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது.

எங்கள் காம்பவுண்டில் கடைசி போர்ஷனில் இருக்கிறாள் அந்தப் பெண். வயது 26. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. புருஷன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறதே என்று, குழாயடியில் "என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்டுவைத்தேன். (நமக்குத்தான் கேட்காமல் இருக்க முடியாதே!)

"குழந்தையே வேண்டாம்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணிட்டோம்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க அம்மா காலத்திலே கஞ்சி குடிச்சு நாலு வளர்க்கலையா? இப்போ சர்க்கார் வேறு கொடுக்கிறதே! முத்துலட்சுமி ரெட்டி திட்டத்திலே 18,000 ரூபாய், பள்ளிக்கூடத்திலே 2022-லேருந்து காலை டிபன்..." என்று அடுக்கினேன்.

அவள் கோபப்படவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். "அந்தப் பணம் பிரசவத்தை ஒட்டி வர்றது. டிபன் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த அப்புறம். நடுவுல யாரு பார்த்துப்பாங்க?"

நியாயம்தானே! அங்கன்வாடியில் இரண்டு வயதாவது ஆகவேண்டும். சாயங்காலத்துக்குள் பிள்ளையை அழைத்து வந்துவிட வேண்டும். இவள் வீடு சேர இரவு பத்து மணி. மாமியாரோ இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் நின்றால் வாடகை போச்சு. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று 2017-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனால் இவள் கடையில் வயிறு தெரிந்ததும் பெண்கள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்களாம். உட்கார ஆசனம் போட வேண்டும் என்று 2021-ல் வந்த சட்டமே அங்கே எட்டிப் பார்க்கவில்லை!

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. அம்மா சித்தாள் வேலைக்குப் போய்விட, எட்டு வயதில் இவள் இடுப்பில் ஒரு வயதுத் தம்பி. கஞ்சி ஊட்டி, குளிப்பாட்டி, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி... எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது.

"அவன் இப்போ பாலிடெக்னிக்ல கடைசி வருஷம்க்கா. ஃபீஸ் நான்தான் கட்டறேன். பிள்ளை வளர்க்கிறதுன்னா என்னன்னு தெரியாமலா சொல்றேன்?"

எனக்கு இன்னும் மனசு முழுசாக ஒப்பவில்லைதான். ஆனால் நேற்று எதிர் போர்ஷன் பாட்டி அவளை ஜாடையாக மலடி என்றபோது, "அவ ஏற்கெனவே ஒண்ணை வளர்த்தாச்சு, பாட்டி" என்றேன்.

பாட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.