நர்சிங் குரூப்னா இளக்காரமா?

களை பறிச்சிட்டு இருக்கும்போது மயிலாப்பூர்ல இருக்கிற மச்சினன் போன். "மாமா, நல்ல மார்க் வாங்கின பொண்ண நர்சிங் குரூப்ல போடலாமா? தி.நகர்ல நீட் கோச்சிங் சேர்த்து விடுங்க"ங்கிறார்.

அவர் ஊர்க் கதையையே அவருக்குச் சொன்னேன். 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி, போக்கிடமில்லாத பெண்பிள்ளைகளுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். இன்றைக்கும் அது அடையாறில் இருக்கிறது. அங்கே வளர்ந்து நர்ஸ், டீச்சர் ஆனவர்கள் உண்டு. அந்த டாக்டரம்மாவுக்கு நர்ஸ் வேலை இளக்காரமாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் தெரியுது?

பன்னிரண்டு முடிச்ச உடனே யாரும் நர்ஸ் ஆகிட முடியாது, ஒத்துக்கறேன். மேலே மூணு வருஷ டிப்ளமா, இல்லேன்னா நாலு வருஷ பி.எஸ்சி. படிக்கணும். ஆனா இந்த வேலை நமக்கு ஒத்துவருமான்னு பதினாறு வயசுலயே பிள்ளைக்குப் புரிஞ்சிடுமே!

நாம என்ன செய்யறோம்? காணியை வித்து கோச்சிங்குக்குக் கட்டறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல நர்சிங் குரூப்புக்கு ஆள் சேரலைன்னா அதையும் மூடிடுவாங்க. அப்புறம் குய்யோ முறையோன்னு கத்தி என்ன பிரயோசனம்?

எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்த பதினோரு ராத்திரியும் கூப்பிட்ட குரலுக்கு வந்தது நர்ஸம்மாதான். டாக்டர் காலையில ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போவார்.

திங்கட்கிழமை பொண்ணைக் கூட்டிட்டுப் போய் சேர்க்கப் போறேன். மச்சினன் கோவிச்சுக்கட்டும்.